சட்டம் தேர்ந்தெடுத்த தோட்டா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது துப்பாக்கி மேல் ஆசைப்பட்டு எழுதுகிற கட்டுரை இல்லை. "எல்லா விவசாயிக்கும் துப்பாக்கி கொடு" என்கிற கோஷமும் இல்லை. என் கேள்வி ரொம்பச் சின்னது. பயிரைக் காக்க ஒரு துப்பாக்கி வேண்டும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட பிறகு, அந்தத் துப்பாக்கிக்குள் என்ன தோட்டா இருக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது?

வயலுக்குள் வரும் பன்றியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பீர்கள். நியாயம். ஆனால் நம் நாட்டில் அதை முடிவு செய்தது நூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரனின் பயம். அந்தப் பயம் 1947-ல் கப்பல் ஏறவில்லை. சட்டப் புத்தகத்துக்குள் புகுந்துகொண்டு இன்னும் ராயகிரி மக்காச்சோளக் காட்டு வரப்பில் உட்கார்ந்திருக்கிறது. இதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் அமெரிக்காவுக்கு ஒரு நடை போய்விட்டு வருவோம். காரணம் இருக்கிறது.

லீவர் துப்பாக்கி என்று ஒன்று உண்டு. பெயர் தெரியாவிட்டாலும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஜெய்சங்கரின் கௌபாய் படங்கள், அப்புறம் 2010-ல் வந்த "இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்" வகையறாவை நினைத்துக்கொள்ளுங்கள். விசைக்கு அடியில் வளையம் மாதிரி ஒரு லீவர் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும், புதுத் தோட்டா உள்ளே போகும். ஜான் பிரௌனிங் வடிவமைத்த விஞ்செஸ்டர் 1894 இந்த வகையில் ரொம்பப் பிரபலமானது. அங்கே பண்ணை வைத்திருப்பவர்கள் வண்டியில் ஒன்றைப் போட்டுவைத்துக்கொள்வார்கள். எல்லா வேலைக்கும் ஒரே துப்பாக்கி.

ஒரே துப்பாக்கி என்றால் அதற்கு எந்தத் தோட்டா என்று அவர்கள் காலங்காலமாகச் சண்டை போடுகிறார்கள். நம்மூரில் எம்.ஜி.ஆரா சிவாஜியா என்பது மாதிரி :-) ஒரு கட்சி .30-30 என்கும். 1895-ல் வந்தது, விட்டம் .30 அங்குலம், புகையற்ற மருந்து 30 கிரெய்ன், அதுதான் பெயர்க் காரணம். 150 அல்லது 170 கிரெய்ன் எடையுள்ள குண்டு, சுமார் நூற்றைம்பது மீட்டர் வரை மானுக்குப் போதும், தோளை ரொம்ப உதைக்காது. இன்னொரு கட்சி .44 மேக்னம் என்கும். குண்டு கனம், தூரம் குறைவு, புதருக்குள் கிட்டத்தில் சுட வசதி. மூன்றாவது கட்சி .45-70. 1873-லேயே வந்த கிழவன். குண்டு மட்டும் 405 கிரெய்ன், அதாவது 26 கிராம். மெதுவாகப் போகும், ஆனால் பட்டால் கரடியும் நிற்கும். உதையும் அப்படித்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. லீவர் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய்க்குள் வரிசையாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு அடுத்ததன் பின்புறத்தில் இருக்கும் கேப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூர்மூக்குக் குண்டாக இருந்தால் அதிர்ச்சியில் உள்ளேயே வெடித்துவிடும் ஆபத்து. அதனால் தட்டை மூக்குக் குண்டு போட்டார்கள். தட்டை மூக்குக் குண்டு காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும், அதனால் தூரம் குறைவு. அது குறை மாதிரித் தெரிந்தாலும், புதரோரத்தில் கிட்டத்தில் சுடுகிறவனுக்கு அந்தக் குறையால் நஷ்டம் எதுவும் இல்லை.

எது ஜெயித்தது என்பது நமக்கு முக்கியமில்லை. அவர்கள் சண்டை எதைச் சுற்றி நடக்கிறது என்று பாருங்கள். நாலே கேள்விதான். என்ன மிருகம்? எவ்வளவு தூரம்? தவறினால் குண்டு எங்கே போய் விழும்? தோட்டா பக்கத்துக் கடையில் கட்டுப்படியான விலைக்குக் கிடைக்குமா? பி.காம் படிக்கிற எனக்கு இது பழகின விஷயம். எந்தப் பொருளை வாங்கினாலும் முதலில் என்ன வேலைக்கு என்று எழுதி வைத்துவிட்டுத்தான் கொட்டேஷன் கேட்க வேண்டும் என்று முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இப்போது அதே நாலு கேள்வியை ராயகிரிக்குக் கொண்டு வருவோம்.

மிருகம்: காட்டுப்பன்றி. வளர்ந்த ஆண் பன்றி எண்பது, நூறு கிலோ சாதாரணம். தோளில் தோல் தடிப்பு, மண்ணில் புரண்டு காய்ந்த சேறு வேறு கவசம் மாதிரி ஒட்டியிருக்கும். ஒரு ராத்திரியில் கூட்டமாக வந்தால் மக்காச்சோளத்தைத் தின்பது பாதி, ஒடித்துப் போடுவது பாதி. கரும்பு, நிலக்கடலை, பால் பிடிக்கிற நெல் எதையும் விடாது. தூரம்: இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், முப்பது மீட்டர், மிஞ்சினால் நாற்பது. தவறினால்? பக்கத்துப் பம்புசெட் மோட்டார் அறையில் ஒருவர் படுத்திருப்பார். அதற்கு அடுத்த வயலில் இன்னொருவர் பன்றி விரட்டத் தகர டப்பா தட்டிக்கொண்டிருப்பார். அதற்கு அப்பால் ரோடு. நாலாவது, காசு. அதை விவசாயியிடம் கேட்டால் சிரிப்பார், அல்லது அழுவார்.

இந்த நாலையும் வைத்துப் பார்த்தால் விடை தானாக வருகிறது. கிட்டத்தில் பலமாக அடித்து, தூரத்தில் செத்துப் போகிற குண்டு வேண்டும். முதல் அடியில் விழாவிட்டால் உடனே இரண்டாவது அடி இருக்க வேண்டும். நம் நாட்டில் கிடைப்பதில் அதற்கு மிகப் பொருத்தமானது பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் (இது சண்டைப் போர் இல்லை, குழல் அளவு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாகச் செய்தால் ஒரு உருண்டை என்ன பருமனோ அதுதான் குழலின் விட்டம்). அதற்குள் எல்ஜி அல்லது எஸ்ஜி தோட்டா, அதாவது விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய குண்டுகள் போட்டது. கொக்கு, புறா சுடுகிற பொடி ரவை கூடாது. அது பன்றிக்கு அரிப்புத்தான். ரைபிளும் கூடாது. ரைபிள் குண்டு தவறினால் சில கிலோமீட்டர் போகும். எல்ஜி குண்டு சில நூறு மீட்டரில் விழுந்துவிடும். மலைக்கும் ஊருக்கும் நடுவே மனிதர்கள் படுத்திருக்கிற இடத்தில் இந்த வித்தியாசம்தான் எல்லாம்.

அப்படியானால் அமெரிக்கக்காரனின் .44 லீவர்? முதல் இரண்டு கேள்வியில் பாஸ். மூன்றாவதில் பன்னிரண்டு போரை விட மோசம். நாலாவதில் பூஜ்யம். எண்பதுகளின் நடுவிலிருந்து தனியார் துப்பாக்கி இறக்குமதி ஏறக்குறைய நின்றேவிட்டது. ஆகவே வீடியோ பார்த்துவிட்டு "விஞ்செஸ்டர் ஒண்ணு இருந்தா போதும் மச்சான்" என்று டீக்கடையில் பேசுகிற தம்பிகளுக்கு என் பதில்: உன் கேள்வியே தப்பு. அவனுடைய துப்பாக்கியை விடு, அவன் தேர்ந்தெடுக்கும் முறையை எடுத்துக்கொள்.

சரி, சட்டம் என்ன தேர்ந்தெடுத்தது?

1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம், 13-வது பிரிவு, 3-வது உட்பிரிவு. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று அது பெயர் சொல்லிக் குறிப்பிடுவது வாய்வழி மருந்து இடிக்கிற துப்பாக்கியை. ஆமாம், குழல் வாய் வழியாகக் கருமருந்து கொட்டி, கந்தல் அடைத்து, ரவை போட்டு, கம்பியால் இடித்து, கேப்பு மாட்டிச் சுடுகிற துப்பாக்கி. அது போதாது என்று உரிமம் கொடுக்கும் அதிகாரி திருப்தி அடைந்தால் மட்டும் வேறு வழுவழுப்புக் குழல் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்கலாமாம். அதே பிரிவில் தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் கேட்பவருக்கு இருபது அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள வழுவழுப்புத் துப்பாக்கி நேரடியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. கவனியுங்கள். விளையாட்டுக்குச் சுடுகிறவருக்குத் தோட்டாத் துப்பாக்கி. வயிற்றுப்பாட்டுக்குச் சுடுகிறவருக்கு இடிகட்டை. விவசாயி முதலில் இது போதாது என்று நிரூபிக்க வேண்டும்!

அந்தத் துப்பாக்கியை நாலு கேள்வியில் நிறுத்திப் பாருங்கள். ஒரே ஒரு வெடி. அடுத்த வெடிக்கு ஒரு நிமிஷமாவது ஆகும், இருட்டில் இன்னும் கூட. பிசானத்துக்கு நாற்று நட்டு வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற மாதங்களில் கருமருந்து நமுத்துப் போகும். எவ்வளவு மருந்து, எவ்வளவு ரவை என்பது அளவுக்கு அளவு, கைக்குக் கை மாறும். கூடினால் குழல் வெடித்துச் சுடுகிறவர் கை போகும். குறைந்தால் பன்றிக்குக் காயம் மட்டும். காயம்பட்ட பன்றி புதருக்குள் போய்ப் படுத்துவிட்டு, காலையில் புல் அறுக்கப் போகிற பெண்ணை முட்டும். சாகிறதானால் நாலு நாள் புழுத்துச் சாகும். இதில் மிருகத்துக்கும் நன்மை இல்லை, மனிதருக்கும் நன்மை இல்லை.

ஏன் இப்படி? இதை விளங்கிக்கொள்ள நம்ம ஊர்ச் சரித்திரமே போதும். ராயகிரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாசுதேவநல்லூர். 1767-ல் கம்பெனிப் படை பீரங்கி வைத்து அடித்த பூலித்தேவன் கோட்டை அங்கேதான் இருந்தது. பாளையக்காரர் சண்டைகள் முடிந்த 1801-ல் கம்பெனி செய்த முதல் காரியங்களில் ஒன்று தென்பாளையங்களில் ஆயுதங்களைப் பறித்தது. 1878-ல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியனுக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியனுக்கு விலக்கு. 1911 ஜூன் 17-ல் செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டார். தென்காசிச் சீமையில் துப்பாக்கி என்றால் அவர்களுக்கு வயிற்றைக் கலக்கியதில் ஆச்சரியம் என்ன?

அந்தப் பயத்திலிருந்துதான் தோட்டாவுக்குச் சாதி பிரித்தார்கள். 1907 வாக்கில் .450 அங்குலத் தோட்டாவை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை போட்டார்கள். அரசாங்கத்தின் பழைய மார்டினி-ஹென்றி துப்பாக்கிக் குண்டும் அதே விட்டம் என்பதுதான் காரணம். (வேடிக்கை, அந்த மார்டினியும் அடியில் லீவர் வைத்ததுதான். ஆனால் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட வேண்டும்.) புலி, யானை வேட்டையாடும் துரைமார்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. லண்டன் கடைக்காரர்கள் உடனே .470, .465 என்று விட்டத்தைக் கொஞ்சம் மாற்றி அதே பலத்தில் புதுத் தோட்டாக்களைச் செய்து கொடுத்துவிட்டார்கள். ராணுவத்தின் .303-ம் பொதுமக்களுக்குக் கூடாது என்றார்கள். அந்த இடத்தை நிரப்பியதுதான் ஆஸ்திரிய மான்லிச்சர் தோட்டாவிலிருந்து வந்த .315. இன்றும் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் பேர்பெற்ற பொதுமக்கள் ரைபிள் அந்த .315 தான். அது வந்தது பன்றிக்குப் பொருத்தம், மானுக்குப் பொருத்தம் என்ற ஆராய்ச்சியால் அல்ல. ராணுவக் கிடங்கிலிருந்து திருடிய தோட்டா அதற்குள் நுழையாது என்ற ஒரே தகுதியால்.

சுதந்திரத்துக்குப் பிறகு இதைத் தூக்கி எறிந்திருக்க வேண்டாமா? 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை என்றுகூட ஒரு வரி எழுதியவர்கள் நம்மவர்கள். ஆனால் ஆட்சிக்கு வந்ததும் அதே பிரிவினையை வைத்துக்கொண்டார்கள். தடைசெய்த அளவு, தடைசெய்யாத அளவு. இன்று .303 தடைப் பட்டியலில் இருக்கிறது. அதை விடப் பலமான .30-06, அமெரிக்க ராணுவம் இரண்டு உலகப் போரிலும் பயன்படுத்திய தோட்டா, தடையில்லாத பட்டியலில் இருக்கிறது! .38 ரிவால்வர் கூடாது, .32 கூடும். பலத்தைப் பார்த்தா? தூரத்தைப் பார்த்தா? பாதுகாப்பைப் பார்த்தா? எதுவும் இல்லை. யார் கிடங்கில் எது இருந்தது என்பதைப் பார்த்து. அந்தக் கிடங்கே மாறிவிட்டது. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தோடு .303-க்கு விடை கொடுத்துவிட்டது. தோட்டாவுக்கு ஓய்வு கொடுத்தாயிற்று, பயத்துக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

"அதெல்லாம் சரி தம்பி, பன்றியைச் சுடுவதே இப்போது அரசாங்கம்தானே" என்பீர்கள். வருகிறேன். 2022-ல் திருத்திய வனவிலங்குச் சட்டப்படி காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிரை அழித்தால் அதிகாரம் பெற்றவர் அனுமதியோடு சுடலாம். கேரளத்தில் 2022-லிருந்து உள்ளாட்சித் தலைவர்களே அனுமதி தரலாம், உரிமம் உள்ளவர்கள் சுடலாம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த ஏற்பாடு வேறு. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் வனத்துறை சுடலாம். மேற்கே மலையோரம் தோப்பு வைத்திருப்பவர் இதில் எங்கே நிற்கிறார் என்று நீங்களே அளந்து பாருங்கள். இங்கே கிழக்கே, குளத்துக்குள் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தில் பன்றி குடும்பம் நடத்துமானால் அதற்கு மட்டும் இந்த ஏற்பாடு பேசும்.

அதிலும் யார் சுடுவது, எங்கே சுடுவது என்பதைப் பற்றித்தான் ஊரில் பேச்சு. எதனால் சுடுவது என்பதை யாரும் கேட்பதில்லை. ஒரு வனக் காவலரை ராத்திரி ஊருக்குள் அனுப்பும்போது அவர் கையில் இருப்பது மனிதர்கள் நடுவே சுடத் தகுந்த தோட்டாவா, இல்லை சில கிலோமீட்டர் போகிற ரைபிள் தோட்டாவா? விவசாயிகள் கூட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். இது நுணுக்கம் பேசுகிற விஷயம் இல்லை, பக்கத்து மோட்டார் அறையில் தூங்குகிறவரின் உயிர்.

எதிர்வாதங்களைப் பார்ப்போம்.

"தென்மாவட்டத்தில் துப்பாக்கியா? அரிவாளுக்கே பதில் சொல்ல முடியவில்லையே!" இது நியாயமான பயம், நான் இதைச் சிரித்துத் தள்ள மாட்டேன். ஆனால் இது யாருக்கு உரிமம் என்ற கேள்விக்கான பதில். அதில் எவ்வளவு கண்டிப்பு வேண்டுமானாலும் காட்டுங்கள். பத்து ஊருக்குச் சேர்த்து நாலு பேருக்கு மட்டும் கொடுங்கள், பயிற்சி கட்டாயமாக்குங்கள், தோட்டாவுக்குத் தோட்டா கணக்குக் கேளுங்கள். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வதுதான் இப்போதே வழக்கமாக இருக்கிறதே. ஆனால் கொடுத்த நாலு பேருக்கும் வேலைக்கு ஆகாத சாமானைக் கொடுப்பதால் எந்தக் குற்றம் குறைகிறது? கணக்கு வைக்க முடியாதது உண்மையில் இடிகட்டைதான். தோட்டாவை எண்ணலாம். உதிரியாகக் கொட்டுகிற மருந்தை எப்படி எண்ணுவீர்கள்?

"உயிரைக் கொல்வதைப் பற்றி இவ்வளவு கணக்கா?" ஆமாம், கொல்வதாக முடிவு செய்த பிறகு கணக்குப் பார்க்காமல் இருப்பதுதான் கொடூரம். அகழி, வேலி, நஷ்ட ஈடு எல்லாம் முதலில் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் சட்டப்படியான வழி உபயோகமில்லாமல் இருக்கும்போது என்ன நடக்கிறது? 2020 மே மாதம் பாலக்காட்டுப் பக்கம் பழத்துக்குள் வைத்த வெடியைக் கடித்து ஒரு கர்ப்பிணி யானை வாய் சிதைந்து ஆற்றில் நின்றே செத்தது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் பன்றிக்காக இழுத்த திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் ஒரே இடத்தில் செத்தன. குட்டிகள் இரண்டு பிழைத்து நின்றதைப் பத்திரிகையில் பார்த்து நாடே அழுதது. அவுட்டுக்காய்க்கும் மின்கம்பிக்கும் யார் பன்றி, யார் யானை, யார் பக்கத்து வீட்டுப் பையன் என்று தெரியாது. துப்பாக்கி பிடிக்கிறவனுக்குக் கண் இருக்கிறது. தோட்டாவைச் சரிசெய்தால் மின்வேலி நாளைக்கே மறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நேர்வழியை முள் போட்டு அடைத்துவிட்டுக் குறுக்குவழியில் போகிறாயே என்று திட்டுவது என்ன நியாயம்?

பி.காம் மாணவனாக இதைச் செலவுக் கணக்காகவும் பார்க்கிறேன். ஒரு ஏக்கர் மக்காச்சோளத்துக்கு விதை, உரம், உழவு, கூலி எல்லாம் போட்டுக் கடைசி மூன்று வாரத்தில் பன்றி புகுந்தால் போட்டது முழுக்க மூழ்கிய செலவு. அந்தக் கடைசி மூன்று வாரத்தைக் காப்பாற்றத்தான் ராத்திரி முழுக்க முழிப்பு. அந்த முழிப்புக்கு எந்தப் பேரேட்டிலும் கூலி எழுதுவதில்லை.

நான் கேட்பது மூன்றே. ஒன்று, 13-வது பிரிவிலிருந்து பயிர்ப் பாதுகாப்பு என்றால் இடிகட்டை என்கிற வரியை எடுத்துவிடுங்கள். இரண்டு, எந்த ராணுவம் எதைப் பயன்படுத்தியது என்ற பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, மிருகம், தூரம், பின்னால் என்ன இருக்கிறது என்பதை வைத்துப் பகுதிக்குப் பகுதி தோட்டாவைப் பரிந்துரைக்கட்டும். மலையடிவார வயல்களில் ரைபிளுக்கு இடமே வேண்டாம், சந்தோஷம். மூன்று, வனத்துறை ஆளானாலும் உரிமம் பெற்ற விவசாயியானாலும் அதே விதி, அதே பயிற்சி, அதே தோட்டா.

லிட்டனுக்கு நம்மைப் பார்த்துப் பயப்படக் காரணம் இருந்தது. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய அரசாங்கத்துக்கு அந்தக் காரணம் இல்லை. சோளக்காட்டில் நிற்கிற ஆளைப் பார்த்துப் பயப்படுவதை விட்டுவிட்டு, சோளத்தைத் தின்கிற பன்றியைப் பார்த்து ஒரு தோட்டாவைத் தேர்ந்தெடுக்கட்டும். 1959-லேயே முடித்திருக்க வேண்டிய வேலை இது.